பனிப்பூவின் முதுகில் ஒரு கறுப்பு மணி

எங்கள் வீட்டு முன்னறையை இரண்டு பேர் கேட்டோம். ஒருத்தி நான், இன்னொருவன் என் அண்ணன்.

மாமல்லபுரத்தில், கிழக்குக் கடற்கரைச் சாலையிலிருந்து கடல் பக்கம் திரும்பும் ஒரு தெருவில் எங்கள் வீடு. முன்னறைக்கு வடக்குப் பார்த்த பெரிய ஜன்னல். நாள் முழுக்க வெளிச்சம் இருக்கும், வெயில் நேராக விழாது. கடுகளவு மணிக்குள் கம்பி நுழைக்கிறவளுக்கு அதைவிட நல்ல இடம் அமையாது. அண்ணனுக்குப் பிடித்தது அந்த அறையின் கதவு. அது தெருவைப் பார்த்திருந்தது. சுற்றுலா வேன் ஓட்டும் அவன், அங்கே ஒரு மேசையும் இரண்டு நாற்காலியும் போட்டு, வெளியே டிராவல்ஸ் போர்டு மாட்டி, சொந்த ஆபீஸ் திறக்க நினைத்திருந்தான். போர்டின் நிறம், எழுத்தின் அளவு வரை முடிவாகியிருந்தது.

அப்பா லாரி ஓட்டுகிறவர், பெரும்பாலும் வெளியூரில்தான் இருப்பார். வீட்டு வழக்குகளில் அம்மா சொல்வதுதான் தீர்ப்பு. அப்போது நான் ஒரு கடற்கரை ஓட்டலின் கிறிஸ்துமஸ் மரத்துக்கு அலங்காரம் செய்துகொண்டிருந்தேன்; அம்மா கிறிஸ்துமஸ் வரை தவணை வைத்தாள்.

"இவ செய்யறது அந்த ஓட்டல்ல போய் தொங்கட்டும். தொங்கிச்சின்னா ரூமு இவளுக்கு. திரும்பி வந்துச்சின்னா உனுக்கு. அதுவரிக்கும் ரெண்டு பேரும் என்னைப் போட்டு பேஜாரு பண்ணாதீங்க."

நான் ஒப்புக்கொண்டேன். அண்ணனும் ஒப்புக்கொண்டான். அவனுக்கு நம்பிக்கை அதிகம்.

"இந்த ஊர்ல ஐஸு மீன் பொட்டில தான் கீது," என்றான். "இவ ஐஸ்ல பூ செய்யறாளாம், அத்த ஓட்டல்காரன் வாங்குவானாம். பாக்கறேன்."

நான் செய்துகொண்டிருந்தது பனிப்பூ. வெளிநாட்டில் பனி கொட்டும்போது ஒவ்வொரு துகளும் ஆறு கை விரித்த நட்சத்திரம்போல இருக்குமாம். கிறிஸ்துமஸ் மரத்தில் தொங்கவிடுவதற்கு அதே வடிவத்தைக் கம்பியிலும் கண்ணாடி மணியிலும் செய்வார்கள். சின்னதாகச் செய்தால் காதில் போடலாம், கழுத்தில் தொங்கவிடலாம். எங்கள் தெருவில் யாரும் பனி விழுந்து பார்த்ததில்லை. நானும்தான்.

நான் மெக்கானிக்கல் டிப்ளமோ படித்தவள். மறைமலை நகர்ப் பக்கம் கார் உதிரிபாகம் செய்யும் ஒரு கம்பெனியில் தரம் பார்க்கும் பிரிவில் வேலை செய்தேன். வரும் பொருளை அளப்பேன். அளவுக்குள் இருந்தால் பச்சைச் சீட்டு, இல்லாவிட்டால் சிவப்பு. எங்கள் பிரிவை வேறு மாநிலத்துக்கு மாற்றியபோது கூடவே வரச் சொன்னார்கள். நான் வீட்டுக்கு வந்துவிட்டேன். வேறு வேலைக்கு எழுதிப் போட்டேன், நேர்காணலுக்கும் போனேன். அதற்குள் கை வேறொன்றைப் பிடித்துக்கொண்டது.

வேலை பார்த்த காலத்தில் ஊரப்பாக்கத்தில் என்னோடு அறையில் தங்கியிருந்த தோழி, கை ஒடிந்த ஒரு பனிப்பூவைக் கொடுத்து, "உன்கிட்டதான் குறடு இருக்கு, சரி பண்ணிக் கொடு" என்று சொல்லியிருந்தாள். வேலை போன பிறகுதான் அதைப் பிரித்தேன். மூன்று கம்பிகள் நடுவில் ஒன்றோடொன்று முறுக்கப்பட்டு ஆறு கைகளாக விரிந்திருந்தன. ஒவ்வொரு கையிலும் ஒரே வரிசை: பட்டை தீட்டிய மணி, குழல் மணி, கடுகு மணி, மறுபடி பட்டை மணி. கடைசியில் கம்பி நுனியைச் சுருட்டி மணிகளை அடைத்திருந்தார்கள். கைகளுக்கு நடுவே மெல்லிய கம்பி ஒரு வளையமாக ஓடியது. பிரித்ததை மறுபடி பூட்டினேன். அடுத்த நாள் செங்கல்பட்டிலிருந்து மின்சார ரயில் பிடித்துப் பாரிமுனைக்குப் போய் மணியும் கம்பியும் வாங்கி வந்தேன்.

முதலில் செய்தவை அழகாகத்தான் இருந்தன. மொட்டை மாடியில் கொடிக்கம்பியில் தொங்கவிட்டேன். கடல் காற்று பட்ட சில நாட்களில் கம்பி பழுப்பேறி, வெள்ளை மணிகளின் ஓரத்தில் டீக்கறைபோல் வடிந்தது. வெள்ளி முலாம் பூசிய செம்புக் கம்பி கறுத்துப்போனது. எவர்சில்வர் கம்பி தாக்குப் பிடித்தது. ஆனால் அது முரடு, சொன்ன பேச்சு கேட்காது. சுருட்டிவிட்டால் மறுபடி நிமிரப் பார்க்கும். என் ஆள்காட்டி விரலின் பக்கவாட்டில் ஒரு தடிப்பு வந்து, பிறகு அது அங்கேயே குடியிருந்துவிட்டது.

எவர்சில்வர் பனிப்பூ ஒன்றை மழையில் நனைத்து, வெயிலில் காயவைத்து, உப்புத் தண்ணீரில் போட்டு எடுத்து, மாற்றமில்லை என்று உறுதி செய்துகொண்ட பிறகுதான் ஒரு பெட்டியில் மாதிரிகளை அடுக்கி அந்த ஓட்டலுக்குப் போனேன். கடலைப் பார்த்த முற்றத்தில் பெரிய மரம் வைக்கிறார்கள் என்று அண்ணனே எப்போதோ சொல்லியிருந்தான். அலங்காரத்துக்குப் பொறுப்பான மேடம் மாதிரிகளை ஒவ்வொன்றாக எடுத்துப் பார்த்தார்.

"போன வருஷம் வாங்கின பிளாஸ்டிக் ரெண்டு நாள்ல காத்துல ஒடைஞ்சிடுச்சு. இது நிக்குமா?"

"இழுத்துப் பாருங்க மேடம்."

இழுத்துப் பார்த்தார். நின்றது.

"வெள்ளை, வெள்ளி. இந்த ரெண்டு கலர் மட்டும்தான். மரம் முழுக்க ஒரே மாதிரி இருக்கணும். முதல்ல கொண்டு வந்து மரத்துல தொங்கவிட்டுக் காட்டுங்க, பார்த்துட்டுதான் ஓகே சொல்லுவேன்."

மரம் முழுக்க என்றால் என் இரண்டு கை போதாது. அம்மா மணிகளை அளவு பார்த்துப் பிரித்து, வரிசைப்படி கம்பியில் கோத்துத் தர ஒப்புக்கொண்டாள். தொங்கவிடும் கொக்கி வளையத்துக்கு ஒரு ஆள் வேண்டும். பின்வீட்டு அக்கா வந்தாள்.

அக்காவின் கணவர் மீன்பிடிப் படகில் போகிறவர். அக்கா காலையில் பூ கட்டிக் கோயில் பக்கம் விற்றுவிட்டு, நாஸ்தா வேளைக்கெல்லாம் திரும்பிவிடுவாள். அவளுடைய முறுக்கு அப்படி ஒரு முறுக்கு. மல்லிகைக் காம்பில் நார் சுற்றிச் சுண்டுவாளே, அதே சுண்டலில் எவர்சில்வர் கம்பியைச் சுண்டுவாள். நான் குறடு வைத்துச் செய்வதை அவள் கட்டை விரலால் முடிப்பாள். கொக்கி முறுக்கு முழுவதும் அவள் பொறுப்பு என்று ஆனது.

மூவரும் முன்னறையில் பாய் விரித்து உட்கார்ந்து வேலை செய்தோம். வெளியே கார்த்திகை மழை. தெருவில் தண்ணீர் நின்றது. மணிகளை அம்மா எவர்சில்வர் தட்டுகளில் வெள்ளைத் துணி விரித்துக் கொட்டி வைப்பாள், துணி இருந்தால் மணி உருளாது. அண்ணன் சவாரி இல்லாத நேரத்தில் வாசலில் நின்று வேடிக்கை பார்ப்பான்.

"இன்னா இஞ்சினியரு, காரு பார்ட்ஸு போயி இப்ப ஐஸு பார்ட்ஸா?"

"வழிய மறைக்காம நில்லுண்ணா, வெளிச்சம் வரல."

"எங்கூட்டு ரூம்ல எனக்கே நிக்க இடமில்ல, பாத்தியாம்மா?"

"உங்கூட்டு ரூமு இன்னும் ஆவல," என்றாள் அம்மா, தட்டிலிருந்து தலையைத் தூக்காமல்.

முடிந்த ஒவ்வொன்றையும் நான் சோதித்தேன். அதற்கு ஒரு முறை வைத்திருந்தேன். ஓர் அட்டையில் ஆறு கோடு கிழித்து, அதன்மேல் பனிப்பூவை முகம் மேலே இருக்கும்படி வைப்பேன். கைகள் கோட்டின் மேல் உட்கார வேண்டும். மணி வரிசை சரியா என்று நடுவிலிருந்து வெளியே பார்ப்பேன். நுனிச் சுருட்டில் விரலை ஓட்டுவேன், கீறக் கூடாது. கடைசியாகக் கொக்கியை ஆணியில் மாட்டி, கீழே ஒரு சின்னப் படிக்கல்லைத் தொங்கவிடுவேன். நழுவாவிட்டால் பெட்டிக்குள் போகும். கம்பெனியில்கூட நான் இவ்வளவு கறாராக இருந்ததில்லை. அங்கே சிவப்புச் சீட்டு ஒட்டினால் வேறு யாரோ பார்த்துக்கொள்வார்கள். இங்கே ஒட்டினால் நானேதான் பிரித்துச் செய்ய வேண்டும்.

பெட்டிகள் நிறைந்ததும் அண்ணனின் வேனிலேயே ஏற்றினோம். வாடகை கேட்பதாக மிரட்டினான், ஆனால் பெட்டிகளைப் பின்சீட்டில் வைத்து, குலுங்காமல் இருக்க இரண்டு பக்கமும் தலையணை வைத்தது அவன்தான்.

ஓட்டல் முற்றத்தில் மரம் தயாராக நின்றது. அதற்கு அந்தப் பக்கம் புல்தரை, அதைத் தாண்டினால் கடல். ஏணி மேல் ஒரு தொழிலாளி நின்று நான் எடுத்துக் கொடுத்ததை மாட்டிக்கொண்டே வந்தார். வெயில் பட்டு மரம் மினுங்கத் தொடங்கியது. மேடம் கைகட்டி நின்று பார்த்தார். அவர் முகத்தில் நல்ல சேதி தெரிந்தது. அண்ணன் கண்ணாடிக் கதவோரம் நின்றிருந்தான். அவனுக்கும் அது தெரிந்திருக்க வேண்டும். செல்போனைப் பார்ப்பதுபோல் குனிந்துகொண்டான்.

அப்போது கடல் பக்கமிருந்து காற்று வந்தது. மாட்டியவை எல்லாம் ஒரே நேரத்தில் சுழன்று முதுகைக் காட்டின.

ஏணி மேல் இருந்தவர் கையை வீசினார். "மேடம், ஈ மொய்க்குது."

மறுபடி வீசினார். "சூ, சூ... போவ மாட்டேங்குது மேடம்."

மேடம் கிட்டே போய் ஒன்றைப் பிடித்துத் திருப்பினார். நானும் போனேன். கொக்கியின் அடியில், முறுக்குக்கு உள்ளே, ஒரு கறுப்பு மணி. அடுத்ததைத் திருப்பினார். அதிலும் இருந்தது. அதற்கடுத்ததிலும்.

"இது என்னம்மா? எல்லாத்துலயும் இருக்கே?"

நாங்கள் கறுப்பு மணி வாங்கவே இல்லை. என் அட்டையில் பனிப்பூ எப்போதும் முகம் மேலேதான் கிடந்தது. ஆணியில் மாட்டும்போதும் முகம் என் பக்கம்தான். முதுகுக்கு ஒரு சோதனை வைக்க எனக்குத் தோன்றவில்லை.

"தூரத்துலேர்ந்து பூச்சி மாதிரியே இருக்கு," என்றார் மேடம். கோபப்படவில்லை. அது இன்னும் கஷ்டமாக இருந்தது. "இங்க நிக்கிறவங்க எல்லாரும் போட்டோ எடுப்பாங்க. வெள்ளையும் வெள்ளியும்னு சொல்லித்தானே கொடுத்தேன்? நாளைக்குச் சாயந்திரத்துக்குள்ள இதை எடுத்துட்டுக் கொண்டு வந்தா மாட்டிக்கலாம். இல்லைன்னா நான் சென்னையிலேர்ந்து வரவழைச்சுப்பேன். தப்பா எடுத்துக்காதீங்க, எனக்கும் மேல பதில் சொல்லணும்."

மாட்டியதை எல்லாம் கழற்றிப் பெட்டியில் வைத்து வேனில் ஏற்றினோம். அண்ணன் பஸ் ஸ்டாண்டைத் தாண்டி வண்டியை ஓட்டினான். பிறகு, "போர்டுக்கு ஆர்டர் குடுத்துடட்டா?" என்றான்.

"நாளைக்குச் சாயந்திரம் கேளு."

"கேக்கறேன்."

வீட்டுக்குப் போனதும் பெட்டியைத் திறந்து ஒரு பனிப்பூவைக் கவிழ்த்து அம்மாவிடம் காட்டினேன். அம்மா பார்த்துவிட்டு நேராகக் கொல்லைப்புறம் போய், மதில் மேலே எட்டி அக்காவைக் கூப்பிட்டாள். அக்கா ஈரக் கையைப் புடவையில் துடைத்துக்கொண்டே வந்தாள்.

"அக்கா, இது நீங்க வச்சதா?"

"ஆமாம்." அவளுக்குக் கேள்வியே விசித்திரமாக இருந்தது. "வெக்காம? எம் பொண்ணோட பழைய வளையல் மணி கொஞ்சம் கெடந்துச்சி. ஆளுக்கொண்ணு வெச்சேன்."

"ஏன்க்கா?"

"இன்னா கண்ணு, ஏன்னு கேக்கற? இவ்ளோ சோக்கா செஞ்சிட்டு ஒரு பொட்டு மை கூட வெக்காம அனுப்புவாங்களா? ஊர்ல கீற கண்ணு அத்தினியும் அங்கதான வந்து நிக்கப் போவுது? பச்சப் புள்ளைக்குக் கன்னத்துல வெக்கறதில்ல? புது வூடு கட்டினா பூசணிக்காய்ல மூஞ்சி வரைஞ்சி தொங்கவுடறதில்ல? முன்னால வெச்சா நீ திட்டுவன்னுதான் முதுகுல வெச்சேன்."

அண்ணன் சுவரில் சாய்ந்து சிரிக்க ஆரம்பித்துவிட்டான். "யக்கா, திஷ்டிப் பொட்ட ஈன்னு நெனச்சி ஓட்டறாங்க அங்க. சூ சூன்னு."

"நீ சும்மா கெட," என்றாள் அக்கா.

"வேணாம்னு திருப்பிக் குடுத்துட்டாங்கக்கா," என்றேன். "நாளைக்குச் சாயந்திரத்துக்குள்ள இந்தக் கறுப்பு மணிய எல்லாத்துலயும் எடுக்கணும்."

அக்காவின் முகம் மாறியது. "திருப்பிக் குடுத்துட்டாங்களா?" என்று கேட்டு, ஒரு பெட்டியின் மேல் கையை வைத்தாள். பிறகு மெதுவாக, "வெச்சத எடுக்கக் கூடாது கண்ணு. வெக்காதது வேற. வெச்சிட்டு எடுத்தா அது உன்மேலதான் வரும். என்னால ஆவாது," என்று சொல்லிவிட்டுப் போய்விட்டாள்.

நான் முன்னறைக்குப் போய்ப் பாயில் உட்கார்ந்தேன். எனக்குப் பதற்றம் வந்தால் வழிகளை எண்ணத் தொடங்குவேன். எல்லாவற்றையும் புதிதாகச் செய்யலாம், நேரமில்லை. கறுப்பு மேல் வெள்ளை நகப்பூச்சு அடிக்கலாம். ஒன்றில் அடித்துப் பார்த்தேன், சாம்பல் நிறமாகி இன்னும் அசல் ஈயாகிவிட்டது. கொக்கி முறுக்கைப் பிரித்து மணியை உருவலாம். எவர்சில்வர் கம்பியை ஒருமுறை முறுக்கிப் பிரித்தால் அதே இடத்தில் ஒடியும். ஒன்று ஒடிந்தும் போனது. மிச்சமிருந்தது மணியை உடைப்பதுதான்.

கண்ணாடி மணிதானே. மூக்குக் குறடால் மெல்ல அழுத்தினேன். டிக் என்று தூளானது. ஒரு துணுக்கு என் கன்னத்தில் பட்டுத் தெறித்தது. கம்பிக்கு ஒன்றும் ஆகவில்லை. ஆனால் மணி இருந்த இடத்தில் ஓர் இடைவெளி விழுந்துவிட்டது. ஆணியில் மாட்டிப் படிக்கல்லைத் தொங்கவிட்டேன். கொக்கி தொளதொளவென்று ஆடி, நழுவி, பனிப்பூ பாயில் விழுந்தது. கடற்காற்றில் இது ஓர் இரவு தாங்காது.

இடைவெளியில் மெல்லிய கம்பியை நெருக்கமாகச் சுற்றினால் இறுகும். நானே சுற்றிப் பார்த்தேன். இறுகியது, படிக்கல்லைத் தாங்கியது. ஆனால் குறடு நுழைய இடமில்லாத அந்தச் சந்தில் ஒன்றைச் சுற்றி முடிப்பதற்குள் என் விரல் நுனியில் ரத்தம் கட்டியது. இந்த வேகத்தில் போனால் பாதிப் பெட்டிகூட முடியாது. அந்தச் சந்துக்குள் போகிற விரல் ஒன்றுதான் இருந்தது. அது பின்வீட்டில் இருந்தது.

விடிந்ததும் அக்கா வீட்டுக்குப் போனேன். அவள் பூக்கூடைக்கு முன்னால் உட்கார்ந்து கட்டிக்கொண்டிருந்தாள். நான் எதிரே உட்கார்ந்து காம்புகளை ஜோடி சேர்த்துக் கொடுத்தேன். திருஷ்டி உண்டா இல்லையா என்று அவளிடம் வாதாட நான் போகவில்லை. கம்பெனியில் வாடிக்கையாளர் ஒன்று கேட்பார், தயாரிப்புப் பிரிவு வேறொன்று கேட்கும். யார் சொல்வது சரி என்று யாரும் தீர்ப்பு எழுத மாட்டார்கள், இரண்டுக்கும் இடம் கொடுக்கிற ஒரு வரைபடத்தைத்தான் தேடுவோம்.

"அக்கா, திருஷ்டி பொருளுக்குப் படுமா, செஞ்சவங்களுக்குப் படுமா?"

"ரெண்டுக்கும்தான் படும்."

"எது அதிகம்?"

அவள் நாரைச் சுண்டிவிட்டு யோசித்தாள். "பொருளு போனா இன்னொண்ணு செஞ்சிக்கலாம். கைக்கி எதுனா வந்துச்சின்னா?"

"அப்போ பொட்டைக் கையில வச்சிக்கலாமா? மணி எடுக்கறதுக்கு முன்னாடியே வச்சிடலாம். அப்ப எடுத்த மாதிரி ஆகாதுல்ல? இடம் மாத்தின மாதிரிதானே?"

அக்கா என்னை ஏற இறங்கப் பார்த்தாள். "படிச்ச புள்ள சரியாத்தான் மடக்கற." பூச்சரத்தைச் சுருட்டிக் கூடையில் போட்டாள். "எம் பொண்ண அனுப்பிப் பூவ விக்கச் சொல்றேன். ஆனா யாரு யாரு கை பட்டுச்சோ அத்தினி பேருக்கும் வெக்கணும். ஒருத்தர் வுட்டாலும் நான் குறடு கிட்டயே வர மாட்டேன்."

மைச் சிமிழோடு வந்தாள். எனக்கும் அம்மாவுக்கும் மணிக்கட்டின் உட்பக்கம் ஒரு பொட்டு. தனக்கு ஒன்று. பிறகு வாசலில் வேனைத் துடைத்துக்கொண்டிருந்த அண்ணனைக் கூப்பிட்டாள்.

"எனக்கு இன்னாத்துக்கு? நான் கோத்தனா, முறுக்கினனா?"

"பொட்டிய தூக்கினல்ல? கைய நீட்டு."

"யக்கா, வண்டில எலுமிச்சங்கா, மொளகா எல்லாம் கட்டித் தொங்கவுட்டுத்தான் கீறேன்."

"அது வண்டிக்கி. உனுக்கு?"

அண்ணன் கையை நீட்டவில்லை. எனக்கு ஒரு கணம் பயமாகத்தான் இருந்தது. அவன் கை நீட்டாவிட்டால் அக்கா உட்கார மாட்டாள், அக்கா உட்காராவிட்டால் சாயங்காலம் அறை அவனுக்கு. அவனுக்கும் அது தெரியும். ஒரு சின்ன மறுப்பு போதும், வேறெதுவும் அவன் செய்ய வேண்டியதில்லை.

அம்மா அவனையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

"வெச்சித் தொலை," என்று கையை நீட்டினான். "பவுடர் போட்ட மூஞ்சில வெக்காத, அவ்ளோதான்."

வேலையைப் பிரித்துக்கொண்டோம். மணியை உடைப்பது அம்மா. ஈரத் துணியால் மூடி, துணிக்குள் குறடை விட்டு நசுக்கினால் துணுக்கு பறக்காது என்று கண்டுபிடித்திருந்தேன். ஆனாலும் கண்ணுக்கு ஏதாவது வேண்டும். அண்ணனின் கூலிங் கிளாஸைக் கேட்டு வாங்கி அம்மாவுக்குப் போட்டுவிட்டேன். கறுப்புக் கண்ணாடியும் மஞ்சள் பூசிய முகமுமாக அம்மா பாயில் உட்கார்ந்து டிக், டிக் என்று உடைத்துக்கொண்டிருந்ததைப் பார்த்து அக்கா சிரித்த சிரிப்பில் ஒரு தட்டு மணி கவிழ்ந்தது. பொறுக்க நேரமில்லை, அப்படியே விட்டோம். உடைந்ததைப் பிரஷ்ஷால் தட்டித் துணுக்கு நீக்கி நான் அக்காவிடம் கொடுப்பேன். அவள் சந்தில் கம்பி விட்டுச் சுற்றிச் சுண்டுவாள். மறுபடி என்னிடம் வரும். இப்போது என் சோதனையில் முதுகும் சேர்ந்திருந்தது. முகம், முதுகு, பிறகு பக்கவாட்டில் ஒருமுறை, கடைசியாகப் படிக்கல்.

மத்தியானம் மழை பிடித்தது. கரண்ட் போனது. வடக்கு ஜன்னலின் வெளிச்சம் மட்டும் இருந்தது, அதுவும் மங்கல். மூவரும் பாயை ஜன்னலடிக்கு இழுத்துக்கொண்டோம். சாப்பிட எழவில்லை. அண்ணன் தெருமுனைக் கடையிலிருந்து பொட்டலம் வாங்கி வந்து கதவருகே வைத்துவிட்டு, யாரும் கேட்காமலே, முடிந்தவற்றைப் பெட்டியில் அடுக்கத் தொடங்கினான்.

"முகம் மேல இருக்கட்டும்ணா."

"தெரியும், தெரியும். இனிமே முதுகப் பாத்தா எனக்கே ஈ ஞாபகம்தான் வருது."

மழை விடுவதற்குக் காத்திருக்காமல் கிளம்பினோம். ஓட்டலில் மேடம் பெட்டியிலிருந்து ஒன்றை எடுத்தார். முதலில் கவிழ்த்துத்தான் பார்த்தார். அடுத்ததையும் அப்படியே. பெட்டிக்குள் கை விட்டு அடியிலிருந்து ஒன்றை உருவி இழுத்துப் பார்த்தார். நான் அவருடைய கையையே பார்த்துக்கொண்டிருந்தேன். கம்பெனியில் மேசைக்கு இந்தப் பக்கம் நின்றே பழக்கப்பட்டவளுக்கு, அந்தப் பக்கம் நிற்பது எவ்வளவு நீளமான வேலை என்று அன்றைக்குத்தான் தெரிந்தது.

"மாட்டுங்க," என்றார்.

ஏணி வந்தது. மரம் நிறைந்தது. மழைக்காற்றில் எல்லாம் சுழன்று முதுகைக் காட்டின. முதுகிலும் வெள்ளியே இருந்தது. ஏணி மேல் இருந்தவர் என்னைப் பார்த்து, "ஈய எல்லாம் தொரத்திட்டியாம்மா?" என்றார்.

அம்மா சொன்ன கணக்கில் அது போதும். ஆனால் தொங்கிவிட்டது என்பதோடு திரும்பிப் போனால், மரம் பிரித்த மறுநாளே அண்ணன் வழக்கைப் புதிதாகத் தொடங்குவான் என்று எனக்குத் தெரியும். நான் மேடத்திடம் நேராகவே கேட்டேன்.

"மேடம், மரம் பிரிச்சதுக்கு அப்புறம் இங்க வேற என்ன தேவைப்படும்?"

அவர் சிரித்தார். என் காதில் இருந்த சின்னப் பனிப்பூத் தோட்டைப் பார்த்தார். "இதுவும் நீங்க செஞ்சதா? ரிசெப்ஷன்ல இருக்கிற பொண்ணுங்களுக்குப் புது வருஷத்துக்கு இதே மாதிரி வேணும். அப்புறம் இங்க கடற்கரையில கல்யாணம் நிறைய நடக்குது. பந்தல்ல தொங்கவிடற மாதிரி ஏதாவது செஞ்சு காட்டுங்க. எடுத்துப்பேன்னு இப்பவே சொல்ல மாட்டேன். காட்டுங்க."

காட்டுகிறேன் என்றேன்.

வீட்டில் அண்ணன் தோல்வியை முழுதாக ஒப்புக்கொள்ளவில்லை. "தொங்கிச்சி, சரி. இந்த ஒரு தபாதான? தை மாசம் இவ இன்னா செய்வா? ரூமு சொம்மாதான கெடக்கும்?" என்று அம்மாவிடம் தொடங்கினான். நான் அவனை மறித்தேன்.

"உன் ஆபீஸுக்கு என்னென்ன வேணும், சொல்லுண்ணா."

"டேபுளு, சேரு, போர்டு."

"டேபிள்ல என்ன வைப்ப?"

யோசித்தான். "போனு."

"போன் உன் சட்டைப் பைல இருக்கு. போன மாசம் வந்த சவாரி எல்லாம் எப்படி வந்துது? யாராவது வீட்டுக்குள்ள வந்து உக்காந்து கேட்டாங்களா? எல்லாம் போன்ல வந்துது. ரெண்டு பேர் வேனை மறிச்சுக் கேட்டாங்க. அவங்களுக்கும் நம்பர்தான் வேணும். உனக்கு வேண்டியது போர்டு. போர்டுக்குச் சுவர் போதும். அறை வேணாம்."

"வந்தவங்க உக்காரணும்னா?"

"வெளிய நெழல் கீது, ரெண்டு சேரு போட்டுக்கோ," என்றாள் அம்மா. "வெளிச் சுவரு உனுக்கு. உள்ள இவளுக்கு. இத்தோட முடிஞ்சிது."

"சுவத்துக்கு இந்தப் பக்கம் நானு, அந்தப் பக்கம் இவளா?"

"ஆமாம். ஒரே சுவருதான், சண்ட போடாம கெடங்க."

போர்டு வந்த அன்று அறைக்குள் ரிசெப்ஷன் பெண்களுக்கான தோடுகள் பாதி முடிந்து தட்டில் கிடந்தன. அண்ணன் ட்ரில்லிங் மெஷினை இரவல் வாங்கி வந்திருந்தான். சுவரில் துளை போட்டால் உட்பக்கம் காரை உதிரும் என்று, தட்டுகளின் மேல் செய்தித்தாளை விரித்து ஜன்னலைச் சாத்திவிட்டு வெளியே வந்தேன். அக்கா ஸ்டூலைப் பிடித்துக்கொண்டு நின்றாள். அம்மா தூரத்தில் நின்று எழுத்து தெரிகிறதா என்று பார்த்தாள்.

"நேரா கீதா?" என்று மேலேயிருந்து கேட்டான்.

"நேராத்தான் கீது," என்றாள் அக்கா.

நான் உள்ளே போய் என் ரசமட்டத்தை எடுத்து வந்து போர்டின் மேல் விளிம்பில் வைக்கச் சொன்னேன். குமிழி வலது பக்கம் ஒதுங்கியிருந்தது.

"இடது பக்கம் ஒரு நூல் தூக்குண்ணா."

முனகிக்கொண்டே தூக்கினான். குமிழி நடுவுக்கு வந்தது. திருகை இறுக்கச் சொல்லிவிட்டு, ஜன்னலைத் திறந்துவைத்து, செய்தித்தாளை உதறிவிட்டு வேலையில் உட்கார்ந்தேன்.